பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்துவிட்டீர்களா? கம்பம் பள்ளத்தாக்குப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பெற்றோர் கூட்டத்துக்குப் போன இடத்தில் யாரோ உங்கள் பெயரைச் சொன்னார்கள், எல்லோரும் கை தூக்கினார்கள், நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஆகிவிட்டீர்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை வருகிறது. இந்தக் குழு என்னதான் செய்யும்? எட்டாவது தாண்டாத நான் தலைமை ஆசிரியரிடம் கேள்வி கேட்கலாமா? தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி பக்கம் இன்னொரு கேள்வியும் சேர்ந்து வரும்: விடியுமுன் ஜீப் ஏறி, மெட்டு என்று நாம் சொல்லும் மலைக் கணவாய் தாண்டிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் இருட்டும்போது திரும்புகிறவள், பகலில் நடக்கும் கூட்டத்துக்கு எப்படிப் போவது?

எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவின் பலம் முழுவதும் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. கூட்டத்தில் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும், எழுத்தில் ஏறாதது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து வைத்த விஷயத்துக்கு எந்த அலுவலகமும் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

பள்ளி யாருடையது?

வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படியுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியா, நடுநிலைப் பள்ளியா, நகராட்சிப் பள்ளியா, அரசு உயர்நிலைப் பள்ளியா? தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களுக்கே உரிய அரசு கள்ளர் பள்ளியா, ஆதிதிராவிடர் நலப் பள்ளியா? இதைத் தெரிந்துகொண்டால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். ஒன்றியப் பள்ளியில் ஓடு உடைந்து ஒழுகினால் மனு போக வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலர். அதே பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலர். சத்துணவில் குறை என்றால் மறுபடியும் ஒன்றிய அலுவலகம், அங்கே உள்ள சத்துணவுப் பிரிவு. இது புரியாமல் எல்லாவற்றையும் தலைமை ஆசிரியர் மேல் போட்டால் அவருக்கும் மனக்கசப்பு, நமக்கும் காரியம் நடக்காது.

அரசு உதவி பெறும் பள்ளியிலும் குழு உண்டு. ஆனால் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கே குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தச் சட்டப்படி குழு கட்டாயம் இல்லை.

குழுவில் யார் யார்?

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவுதான் இந்தக் குழுவின் வேர். உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, நலிந்த பிரிவுக் குடும்பங்களின் பெற்றோருக்கு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் விகிதத்துக்கு ஏற்ப இடம். மற்ற இடங்களில் ஆசிரியர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் கல்வியில் அக்கறை உள்ளவர்களும் வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேரோடு அமைந்த குழு, 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆனது. 24 என்றால் குறைந்தது 18 பேர் பெற்றோர், 12 பேர் பெண்கள் என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்தே வருவார்கள். குழுவைக் கூட்டுவது தலைமை ஆசிரியரின் பொறுப்பு. ஆயுள் இரண்டு ஆண்டு.

சட்டத்தில் பாதுகாவலர் என்று இருப்பது நம் பக்கத்துக்கு மிகவும் முக்கியம். அப்பா அம்மா இருவரும் கேரளத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தங்கி வேலை பார்க்க, பிள்ளை இங்கே பாட்டியிடம் வளர்கிற வீடுகள் எத்தனை! அந்தப் பாட்டி குழுவில் உட்காரலாம். பிள்ளை ராத்திரி இருமுகிறதா, வீட்டுப்பாடம் செய்கிறதா, பள்ளிக்கூடம் என்றதும் வயிற்றுவலி என்கிறதா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அடுத்த தேர்வு நடக்கும்போது அப்படி ஒரு பாட்டியின் பெயரைத் தைரியமாக முன்மொழியுங்கள்.

இன்னொன்று, உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே தெருவிலிருந்து வந்துவிடக் கூடாது. காலனியிலிருந்தும், மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அங்கிருந்தும் ஒருவர் வேண்டும். சும்மா பெயருக்குச் சேர்த்துக் கையெழுத்துக்கு ஆள் அனுப்புவதில் பயன் இல்லை. முந்தின நாளே வீட்டுக்குப் போய்க் கூட்ட நேரத்தைச் சொல்லி அழைத்து வர வேண்டும். பள்ளியில் கட்டட வேலை, பெயின்ட் வேலை எடுக்கும் காண்டிராக்டர் உறுப்பினராக இல்லாமல் இருப்பது நல்லது. கணக்குப் பார்க்க வேண்டியவரும் பணம் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. பி.டி.ஏ. பழைய அமைப்பு, அதற்குத் தனி நிர்வாகிகள், தனிக் கணக்கு. நீங்கள் இருப்பது எதில் என்று குழப்பம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

முதல் கூட்டத்துக்கு முன்பே மூன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: பழைய தீர்மானப் புத்தகம், பள்ளி மேம்பாட்டுத் திட்டம், கடந்த ஆண்டு வந்த மானியத்தின் வரவு செலவு. வாசிக்கத் தெரியாதவர் என்றால் படித்த மகளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ அழைத்துப் போங்கள். கூட்ட நடவடிக்கைகள் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதே விதி, அதனால் தயங்க ஒன்றும் இல்லை.

அப்புறம் பள்ளியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், சமையற்கூடம், விளையாட இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஏறி வரச் சாய்தளம், ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை. இவ்வளவும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஆசிரியர் எண்ணிக்கையையும் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220. எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கான வேலை அந்த நோட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

கூட்டமும் தீர்மானமும்

மாதம் ஒரு முறையாவது குழு கூட வேண்டும். துறை சொல்லும் நாள் பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலாக இருக்கும். ஏலக்காய் எடுப்புச் சமயத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் தோட்டத்துக்குப் போகும் தாய்மார் அத்தனை பேருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே உங்கள் முதல் தீர்மானமே நேரத்தைப் பற்றி இருக்கட்டும். துறை குறித்த நாளில் கூட்டம் நடக்கட்டும், அதற்கு முந்தைய ஞாயிறு காலை உறுப்பினர்கள் பள்ளியிலோ சாவடியிலோ அரை மணி நேரம் கூடிப் பேசிக்கொள்வது என்று முடிவு செய்யலாம். ஞாயிறு பேசியதை ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை வர முடிகிறவர்களிடம் கொடுத்து விடலாம். வர முடியாதவர் குரலும் அப்படிக் கூட்டத்துக்கு வந்து சேரும்.

தீர்மானம் எழுதுவதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. "கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் யார் செய்வது, எப்போது செய்வது, யாரிடம் கேட்பது எதுவும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மாணவிகளுக்கான 2 கழிப்பறைகளில் ஒன்றுக்குக் கதவுத் தாழ்ப்பாள் இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாய் உடைந்துள்ளது. சரிசெய்து தரும்படி வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தலைமை ஆசிரியர் இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் மனு அனுப்புவது. உறுப்பினர் இருவர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வருவது. அடுத்த கூட்டத்தில் நிலைமையைத் தெரிவிப்பது. தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்திலிருந்து உடனே மாற்றுவது."

இதில் குறை என்ன, யார் பொறுப்பு, எந்தத் தேதி, கையில் உள்ள பணத்தில் இப்போதே எது முடியும் என்ற நான்கும் வந்துவிட்டன. நான்கும் இல்லாத தீர்மானத்தை இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். பொறுப்பேற்கும் இரண்டு உறுப்பினர்களின் பெயர்களையும் தீர்மானத்திலேயே போட்டுவிடுங்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு, மூன்று தீர்மானம் போதும். பதினைந்து எழுதினால் பதினைந்தும் அப்படியே கிடக்கும்.

கையெழுத்துப் போடுமுன் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கைநாட்டு வைக்கும் உறுப்பினர் இருந்தால் இது கட்டாயம். வெற்றுத் தாளிலோ, கீழே இடம் விட்ட பக்கத்திலோ கையெழுத்து வேண்டாம். "அப்புறம் எழுதிக்கிறோம், நீங்க போட்டுட்டுப் போங்க" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் வேண்டாம். கடைசியாகப் பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவையும் தீர்மானங்களையும் பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி பெற்றோர் செயலியில் ஏற்றுவார்கள். அதில் ஏறியதும் புத்தகத்தில் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்க்க, செயலி தெரிந்த ஒரு இளம் உறுப்பினரிடம் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள்.

பணம்

சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. விதிமுறைப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்தால் எவ்வளவு வர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இந்த ஆண்டு வந்ததா, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்பது சந்தேகப்படுவதாகாது. மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதைச் சட்டமே உங்கள் வேலையாக வைத்திருக்கிறது. செலவைக் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானித்து, பில்லைப் பார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள். தலைவராக இருக்கும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: வெற்றுக் காசோலையில் கையெழுத்தும், போனில் வரும் ஓ.டி.பி. எண்ணும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

மூன்று ஆண்டுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் குழுவின் வேலை. அதை ஆண்டு வாரியாகப் பிரித்து, நிதியாண்டு முடியுமுன் அனுப்ப வேண்டும். நீங்கள் சுற்றிப் பார்த்து எழுதிய நோட்டு இங்கே கைகொடுக்கும்.

காலைச் சாப்பாடு

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஐந்து மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடும் அம்மாவின் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் ஒரு உறுப்பினர் போய்ப் பாருங்கள். உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சூடாக இருக்கிறதா, சாம்பாரில் காய் இருக்கிறதா, மணி அடிக்குமுன் சாப்பிட்டு முடிக்கிறார்களா, நீங்களும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். சமைப்பது நம் ஊர் மகளிர் குழுப் பெண்கள்தான். அவர்களுக்குக் காஸ் தீர்ந்தது, சம்பளம் தாமதம் என்ற கஷ்டம் இருந்தால் அதுவும் தீர்மானத்தில் வரட்டும்.

மெட்டு தாண்டி வந்துபோகும் பிள்ளைகள்

பொதுவாகக் குழுவுக்குக் கொடுக்கும் பயிற்சியில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, நம் ஊரில் இதுதான் பெரிய பாடு. எடுப்புச் சமயத்தில் குடும்பத்தோடு மேலே போகிறார்கள், பிள்ளைகளும் போகின்றன. சில பிள்ளைகள் அங்கே சேர்ந்து படிக்கின்றன, சில எங்கும் சேராமல் நின்றுவிடுகின்றன. திரும்பி வரும்போது "டி.சி. எங்கே, எமிஸ் நம்பர் எங்கே" என்று அலைச்சல்.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றும் மறுக்கக் கூடாது. படிப்பு இடையில் நின்றிருந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். மூன்று வருடம் மலையாளம் படித்துவிட்டு வந்த பிள்ளை தமிழ் எழுத்துக் கூட்டத் திணறினால், அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்கித் தருவது உங்கள் கடமை. கீழ் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது தீர்வாகாது.

சில நடைமுறை விஷயங்கள். கேரளத்தில் எல்.பி. பள்ளி நான்காம் வகுப்போடு முடியும், நம் தொடக்கப் பள்ளி ஐந்து வரை. அங்கே நான்கு முடித்த பிள்ளை நேராக இங்கே ஐந்தில் சேரும். அங்கே மாணவர் விவரம் சம்பூர்ணா என்ற தளத்தில் இருக்கும், இங்கே எமிஸ் என்ற தளத்தில். இரண்டு பக்கமும் பொதுவானது மத்திய அரசின் யூடைஸ் தளத்தின் நிரந்தரக் கல்வி எண். ஊரை விட்டுக் கிளம்பும் குடும்பத்திடம் அந்த எண்ணையும் பிள்ளையின் ஆதார் நகலையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னால் பாதி அலைச்சல் குறையும்.

குழு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம்: எந்தப் பிள்ளை, எந்த மாதம், எந்தத் தோட்டத்துக்குப் போனது, அங்கே பள்ளியில் சேர்ந்ததா, எப்போது திரும்பும். ஜீப் ஓட்டுநர்களிடமும் கங்காணிகளிடமும் கேட்டால் தெரியும். பள்ளிப் பதிவேட்டில் நீண்ட நாள் வராதவர் என்று மட்டும் இருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பட்டியல் சொல்லும்.

கேரளத்தில் பீர்மேடு, தேவிகுளம், உடும்பன்சோலைப் பக்கம் தமிழ் வழி வகுப்பில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரே, உங்களுக்கும் இதே மத்தியச் சட்டம்தான். ஆனால் அங்கே பி.டி.ஏ.வும் தாய்மார் பி.டி.ஏ.வும் நல்ல உயிரோட்டமாக இயங்கும். எல்.பி., யு.பி. (தொடக்க, நடுநிலை) அரசுப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருப்பதால் வார்டு மெம்பரைப் பிடித்தால் நிறைய வேலை நடக்கும். தமிழில் பாடப்புத்தகம், தமிழ் தெரிந்த ஆசிரியர் என்ற கோரிக்கைகளை வாய்ப்பேச்சாக விடாமல், அந்தக் கூட்டங்களில் எழுத்தில் வையுங்கள்.

பதிமூன்று, பதினான்கு வயதில் பிள்ளை பள்ளியை விட்டுக் காய் எடுக்கப் போவதைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம். முதலில் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், திட்டாமல். கடனா, உடம்புக்கு முடியாத அப்பாவா, பள்ளியில் யாராவது அடித்தார்களா என்று காரணம் தெரிந்தால் வழி பிறக்கும். அப்படியும் நடக்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

குழு செய்யக் கூடாதவை

நடக்கும் வகுப்புக்குள் நுழைந்து ஆசிரியரைக் கேள்வி கேட்பது, பிள்ளைகள் முன் அவரைத் திட்டுவது, சொந்தப் பகையைப் பள்ளிக்குள் கொண்டுவருவது, ஆசிரியரை வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுத வைப்பது, இதெல்லாம் வேண்டாம். ஆசிரியர்களை இதர வேலைகளுக்கு இழுத்தடிக்கிறார்கள் என்றால் அவர்கள் பக்கம் நில்லுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை தவிர மற்றக் கல்விசாரா வேலைகளில் அவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

பிள்ளையை அடித்தார்கள் என்ற புகார் வந்தால் அமுக்க வேண்டாம். உடலளவிலோ மனத்தளவிலோ தண்டிப்பது சட்டப்படி தடை. பாலியல் தொந்தரவு என்ற சொல் காதில் விழுந்தால் குழு கூட்டிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, ஊர்ப் பஞ்சாயத்தாகச் சமரசம் பேசவே கூடாது. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையின் பெயர் எந்தத் தீர்மானத்திலும், எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது.

மனு நகரவில்லை என்றால்

வட்டாரக் கல்வி அலுவலர், அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர், அடுத்து தேனியில் முதன்மைக் கல்வி அலுவலர். ஒவ்வொரு படியிலும் பழைய மனுவின் நகலைச் சேர்த்து வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் பள்ளித் தீர்மானத்தை வாசிக்கலாம். ஊர் முன்னால் வாசித்ததை மறைப்பது கடினம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் பிள்ளையின் உரிமை பற்றி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். கணக்கு, ஒதுக்கீடு பற்றி என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில். பள்ளிக் கல்வி தொடர்பாகச் சந்தேகம் கேட்க 14417 என்ற இலவச எண் இருக்கிறது.

உங்கள் இரண்டு ஆண்டு முடியும்போது பல வேலைகள் பாதியில் நிற்கும். பிள்ளை எட்டாவது முடித்துப் போய்விட்டால் அதற்கு முன்பே நீங்கள் விலக வேண்டியிருக்கும். புதிய குழு வந்த அன்றே நிலுவையில் உள்ள மனுக்கள், அவை எந்த மேசையில் நிற்கின்றன, முத்திரையிட்ட நகல்கள், மெட்டு தாண்டிப் போன பிள்ளைகளின் பட்டியல், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு புதிய தலைவரிடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.